மருத்துவர் பதில்கள்: நெஞ்செரிச்சலுக்குக் கத்தி எப்போது?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 46 வயது. பதினோரு ஆண்டுகளாக அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். இரவுச் சாப்பாடு முடிந்து படுக்கப் போகும்போது மறக்காமல் மாத்திரை போட்டுவிடுவேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல்லும் வைத்திருக்கிறேன். அப்படியும் நள்ளிரவில் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறி, இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். எண்டோஸ்கோப்பி செய்தவர்கள் 3 செ.மீ. ஹெர்னியா, உணவுக்குழாயில் லேசான சிவப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். என் சகலை சிறு துளை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மாத்திரையையே மறந்துவிட்டார். நானும் செய்துகொண்டால் இந்தத் தொல்லை ஒரேயடியாக ஒழியுமா?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டேன்: 'சாப்பாடு முடிந்து படுக்கப் போகும்போது மாத்திரை.' பதினோரு ஆண்டுகளில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லையா? இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் வேலையில் இருக்கும்போதுதான் ஒமெப்ரசோல் அவற்றைப் பிடித்து அடைக்கும். அந்தப் பம்புகளைத் தட்டி எழுப்புவது சாப்பாடு. ஆகவே சாப்பிடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் விழுங்க வேண்டும். நீங்கள் திருடன் போன பிறகு பூட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

சில்லறை விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று அனுப்பப்பட்டவர்கள் 366 பேர். அதே ஒமெப்ரசோலை நேரம் பார்த்து முறையாகக் கொடுத்ததிலேயே 42 பேருக்கு அடங்கிவிட்டது. இன்னும் 99 பேரைச் சோதித்துப் பார்த்தால், எரிச்சலுக்கு அமிலம் காரணமே இல்லை. இப்படி வடிகட்டிக்கொண்டே போனதில் மிஞ்சியவர்கள் 78 பேர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அவர்களில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் 67 சதவீதத்தினருக்குத் தொல்லை பாதிக்குப் பாதியாவது குறைந்திருந்தது. மருந்தையே கூட்டியும் மாற்றியும் பெற்றவர்களில் 28 சதவீதம்தான். கத்திக்குப் பலன் உண்டு. ஆனால் அந்த 99 பேரையும் மேசையில் கிடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே இரண்டு மாதம் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடுங்கள். எரிச்சல் குறையலாம். ஆனால் நடு இரவில் தண்ணீர் ஏறுவது நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஏறி வருவதன் புளிப்பைத்தான் மாத்திரை குறைக்கும், ஏற்றத்தைத் தடுக்காது. உங்கள் இரைப்பையின் மேல் நுனி உதரவிதானத்தைத் தாண்டி மார்புக்குள் 3 செ.மீ. நழுவி நிற்கிறது. அங்கே இருக்க வேண்டிய கதவு சரியாகச் சாத்தவில்லை. அது மாத்திரைக்குக் கட்டுப்படும் பழுது அல்ல.

அப்போது என்னைப் போன்ற அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் வாருங்கள். நான் முதலில் இரண்டு சோதனைகள் கேட்பேன். ஒன்று, ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு 24 மணி நேரம் பார்க்கும் பிஎச் பரிசோதனை. உணவுக்குழாயில் அமிலம் தங்கும் நேரம் நாளில் 6 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இருந்தால், எதுக்களிப்பு உறுதி. 4 சதவீதத்துக்குக் கீழே என்றால் வேறு காரணம் தேட வேண்டும். மற்றொன்று மனோமெட்ரி. உணவைக் கீழே தள்ளும் வலு உங்கள் உணவுக்குழாய்க்கு இருக்கிறதா என்று அது காட்டும். வலு இல்லாத குழாயைச் சுற்றி இறுக்கமாகக் கட்டினால் விழுங்கியது அங்கேயே நின்றுவிடும்.

இரண்டும் தேறினால் ஃபண்டோப்ளிகேஷன். வயிற்றில் பொதுவாக ஐந்து சிறு துளைகள். நழுவிய இரைப்பையைக் கீழே இறக்கி, உதரவிதானத்தின் அகன்ற வாயைத் தைத்துச் சுருக்குவோம். பிறகு இரைப்பையின் மேல் பகுதியை உணவுக்குழாய்க்குப் பின்னால் கொண்டுபோய் இந்தப் பக்கம் இழுப்போம். குளித்துவிட்டு இரு கையாலும் துண்டைப் பிடித்து முதுகு துவட்டுகிறோமே, அதே போல இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்ப்பேன். விட்டதும் அது தானாகத் திரும்பி ஓடக்கூடாது. ஓடினால் இழுவை இருக்கிறது என்று பொருள், இன்னும் கொஞ்சம் விடுவிக்க வேண்டும். தளர்வாக நின்றால், உணவுக்குழாயைச் சுற்றி முன்பக்கம் சேர்த்து, சுமார் 2 செ.மீ. அகலத்துக்கு இரண்டு மூன்று தையல். ருடால்ஃப் நிஸ்ஸன் 1955இல் இதைச் செய்தபோது வயிற்றைத் திறந்துதான் செய்தார். 1991 முதல் லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்கிறோம்.

'ஒரேயடியாக' என்று கேட்டீர்கள். ஸ்வீடனில் இப்படிச் செய்துகொண்ட 2,655 பேரைச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் கவனித்ததில், நூற்றில் 18 பேருக்குத் தொல்லை திரும்பியது. அவர்களில் பெரும்பாலோர் மீண்டும் மாத்திரைக்குப் போனார்கள். உங்கள் சகலை மீதி 82 பேரில் ஒருவர், மகிழ்ச்சி. ஆனால் அவர் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கலாம்: ஏப்பம் விடுவது கடினமாகிவிடும், வாந்தி எடுப்பதும் அப்படியே. மேலே போக வழியில்லாத காற்று கீழேதான் போகும். நள்ளிரவு இருமலுக்கு இது எவ்வளவோ மேல் என்று என் நோயாளிகளில் பலர் சொல்வார்கள். கூச்சத்தால் சொல்லாதவர்களும் உண்டு.

கேள்வி: என் கணவருக்கு இதே அறுவைச் சிகிச்சை நடந்து மூன்று வாரம் ஆகிறது. கெட்டியாக எது சாப்பிட்டாலும் நெஞ்சில் நிற்கிறது என்கிறார். இறுக்கமாகத் தைத்துவிட்டார்களோ?
- ஒரு வாசகி

பதில்: மூன்றாவது வாரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. தைத்த இடத்தின் வீக்கம் வடிய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். குழைந்த உணவாக, சிறு வாய்களாக, அவசரமில்லாமல் சாப்பிடட்டும். கனமான எதையும் தூக்க வேண்டாம். தண்ணீரோ எச்சிலோகூட இறங்கவில்லை என்றால், எடை வேகமாகக் குறைந்தால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: நெஞ்செரிச்சலுக்காக, தையலுக்குப் பதிலாக உணவுக்குழாயின் கீழ் நுனியைச் சுற்றிக் காந்த வளையம் வைத்துக்கொண்டவன் நான். இப்போது முழங்காலுக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வளையம் எப்போது வைத்தது என்பதைப் பொறுத்தது. 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய வகைக்கு 0.7 டெஸ்லா (எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்த வலுவை அளக்கும் அலகு) வரைதான். பின்னர் வந்த வகைக்கு 1.5 டெஸ்லா வரை எடுக்கலாம். 3 டெஸ்லா இயந்திரத்தின் பக்கம் போகவே கூடாது. வளையம் வைத்தபோது ஓர் அட்டை தந்திருப்பார்களே, அதைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்கேன் அறையில் முழங்காலைப் பற்றித்தான் கேட்பார்கள். நெஞ்சில் காந்தம் இருப்பதை நீங்களாகத்தான் சொல்ல வேண்டும்.