ஒரே நாளில் தம்பியும் தாத்தாவும்

அன்புள்ள ஐயா,

நான் 1964 ஆவணியில் பிறந்தவன். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. 58 வயதில் வர வேண்டிய ஓய்வு 2020-இல் 59-க்குத் தள்ளிப்போயிற்று, 2021-இல் 60-க்குத் தள்ளிப்போயிற்று. பிரிவுபசார விழாவில் பேச எழுதிவைத்த தாளை இரண்டு முறை பீரோவுக்குள் திரும்ப வைத்தேன். ஓய்வு பெற்றதும் பிள்ளைகள் எங்களைத் திருக்கடையூருக்கு அழைத்துப்போய் மணிவிழா நடத்தினார்கள். மாலையும் கழுத்துமாக நின்றபோது பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் காலை மருமகள், "மாமா, சும்மாதானே இருக்கிறீர்கள், குழந்தையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்துவிடுங்களேன்" என்றாள். அந்தச் 'சும்மா' இன்றுவரை ஓயவில்லை.

சென்ற வாரம் பஸ்ஸில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து, "தாத்தா, உட்காருங்கள்" என்றாள். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. உங்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டா? இதற்கெல்லாம் கோபப்படுவதா, சிரிப்பதா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உட்கார்ந்தீர்களா, இல்லையா? கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன், அந்த முக்கியமான தகவலை மட்டும் காணவில்லை.

ஆவணி 1964 என்றால் நீங்கள் குரோதி ஆண்டில் பிறந்தவர். குரோதி என்றாலே கோபக்காரன். ஆண்டின் பெயரைக் காப்பாற்றுவதற்காகவாவது கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அறுபதாண்டுச் சக்கரம் ஒரு சுற்று முடிந்து 2024 சித்திரையில் அதே குரோதி திரும்பி வந்தாயிற்று. அந்தக் கணக்கில் இப்போது உங்களுக்கு ஒரு வயதுதான் நடக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்கும் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கத்தான் செய்வார்கள்.

எனக்கு 66. இந்த விஷயத்தில் உங்களுக்கு ஐந்து வருடம் சீனியர். சென்னை மாநகரப் பேருந்துகளில் 60 வயதானவர்கள் மாதம் பத்து முறை இலவசமாகப் போக 2016 முதல் டோக்கன் கொடுக்கிறார்கள். முதல் டோக்கனோடு நான் பஸ் ஏறிய நாளில், வயதை நிரூபிக்கச் சொல்லி நடத்துனர் கேட்பார் என்று அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தயாராக வைத்திருந்தேன். பிறந்த தேதி தெரியும்படி வெளிப்பக்கமாகத் திருப்பிக்கூட வைத்திருந்தேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார், டோக்கனை வாங்கிக்கொண்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். ஒரு சந்தேகம், ஒரு சின்னப் புருவ உயர்த்தல், எதுவும் இல்லை. உங்கள் கல்லூரி மாணவியாவது வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னாள்.

அன்று மாலையே எனக்கு மருந்து கிடைத்தது. எங்கள் பூங்காவில் ஒரு சிமெண்டு பெஞ்சு உண்டு. தினமும் ஐந்து பேர் உட்காருவோம். மூத்தவருக்கு 82. சாய்ந்துகொள்ள வசதியாகத் தூண் பக்கத்து இடம் அவருக்குத்தான். நான் பெஞ்சின் விளிம்பில், பாதி உடம்பு காற்றில். அவர் என்னைப் பார்த்து, "தம்பி, நீ சின்னப்பிள்ளை, ஓடிப்போய் ஐந்து டீ சொல்லிவிட்டு வா" என்றார். காலையில் தாத்தா வேலைக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்டவன் மாலையில் டீக்கடைக்கு அனுப்பப்பட்டேன். அப்போது புரிந்தது, நாம் முதியவர்களே அல்ல, முதியவர்களில் கடைசி பெஞ்சு. அந்தப் பெஞ்சில் முழங்கால் வலி பற்றிப் பேச எனக்கு இன்னும் உரிமை கிடையாது. ஒருமுறை தொடங்கினேன். 82 என்னைத் திரும்பிப் பார்த்து, "எந்தக் கால்?" என்றார். "வலது" என்றேன். "ஒன்றுதானா?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

ரயில்வேயும் என்னை இப்படித்தான் நடத்தியது. ஆண்களுக்கு 60 வயதில் 40 சதவீதச் சலுகை என்று வாழ்நாளெல்லாம் கேள்விப்பட்டு, 2019-இல் அந்த வயதை எட்டிப் பிடித்தேன். 2020 மார்ச்சில் சலுகையை நிறுத்தினார்கள். வாழ்க்கையில் நான் எந்த வரிசையில் நின்றாலும் என் முறை வரும்போது கவுண்டர் மூடப்படும். அந்தப் பழக்கத்தை ரயில்வே மட்டும் மாற்றுவானேன்?

மிச்சம் இருப்பது கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு. அது கிடைத்த சந்தோஷத்தில் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை நடுப்படுக்கைக்காரர் தன் படுக்கையைத் தூக்கி மாட்டிக்கொள்ளலாம், விதியே அதுதான். நமக்கோ நான்கு மணிக்கே தூக்கம் கலைந்துவிடுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். மேலே ஓர் இளைஞன் குறட்டை விடுகிறான். விழுப்புரத்தில் விழித்தவன் திண்டிவனம், செங்கல்பட்டு, தாம்பரம் எல்லாவற்றையும் படுத்த வாக்கில், ஜன்னலின் கீழ்விளிம்பு வழியாகத் தரிசித்திருக்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் தெரிந்தது மின்கம்பத்தின் இடுப்பு மட்டும்.

நவம்பர் மாதம் இன்னும் விசேஷம். நான் மத்திய அரசு ஓய்வூதியக்காரன். ஆண்டுதோறும் நவம்பரில் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று தர வேண்டும். முதல் வருடம் போன இடத்தில் என் கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவில்லை. வயதானால் ரேகை தேய்ந்துவிடுமாம். ஆள்காட்டி விரல், மோதிர விரல், இடது கை என்று எல்லாவற்றையும் காட்டினேன். பெயர் சரி, எண் சரி, ஆள் மட்டும் இல்லை. அங்கிருந்த பெண் அக்கறையாக, "விரலைத் தலைமுடியில் தேய்த்துவிட்டு வையுங்கள் சார், எண்ணெய்ப் பசைக்குப் பதியும்" என்றார். சொன்ன பிறகுதான் என் தலையைப் பார்த்தார். இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

இப்போது செல்பேசியிலேயே முகத்தைக் காட்டிச் சான்று பெறலாம். கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. சிமிட்டினால் ஓராண்டுக்கு உயிர். எண்பது நிறைந்தவர்களுக்கு அக்டோபரிலேயே சான்று கொடுக்க அனுமதி உண்டு. இந்த ஒரு மாத முன்னுரிமையைப் பெஞ்சின் 82 எங்களிடம் காட்டிக்கொள்கிற கர்வம் சொல்லி மாளாது.

புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்று ஒருவர் இருக்கிறார். பூண் கட்டிய ஊன்றுகோலே பெயராகி, சொந்தப் பெயர் தொலைந்துபோன கிழவர். சிறுவயதில் மருதமரக் கிளையேறி, கரையில் நின்றவர்கள் மருளும்படி மடுவில் துடுமெனக் குதித்து, அடிமணலை அள்ளி வந்ததை நினைத்து ஏங்குகிறார். அந்தப் பிடி மணல் ஆழத்தைத் தொட்டுவிட்டு வந்ததற்குச் சாட்சி. அவரிடம் யாரும் விரல் ரேகை கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் இருக்கிற பொறாமை அதுதான், நீச்சல் பற்றி அல்ல. எனக்கு நீச்சலும் தெரியாது.

'சும்மா'வுக்கு வருகிறேன். இதற்கு நான் கண்ட ஒரே தற்காப்பு வெள்ளெழுத்து. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போவேன். சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் எனக்குப் பருப்பு என்றுதான் தெரியும். மூன்று முறை உளுந்துக்குப் பதில் பாசிப்பருப்பு வந்த பிறகு, மளிகைக்கு என்னை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பள்ளி வேனுக்கு இந்த உபாயம் செல்லாது. வேறு குழந்தையை ஏற்றிவிட்டு வந்தால் விவகாரமாகிவிடும். அதைத் தொடருங்கள். வேன் தாமதமாக வரும் அந்தப் பத்து நிமிடத்தில் பேரப்பிள்ளை உங்களிடம் கேட்கிற கேள்விகளை வீட்டில் வேறு யாரிடமும் கேட்கப்போவதில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "அவருக்கு ஓய்வு இரண்டு வருடம்தானே தள்ளிப்போனது?" என்றாள். நான் கடிதத்தை மடித்துவைத்துவிட்டேன். உங்கள் வீட்டில் இதைப் படித்துக் காட்டுவதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

மணி ஐந்தே முக்கால். பெஞ்சில் காத்திருப்பார்கள். இன்று டீ சொல்லும் முறை என்னுடையது. ஆறு வருடமாக என்னுடையதுதான். உங்களைப் போன்ற 61 வயதுப் பையன் யாராவது எங்கள் தெருவுக்குக் குடிவந்தால் உடனே தெரிவியுங்கள்.

அன்புடன்.