2012, 2013 மாடல் சின்ன காரை வாங்கும் முன் அது நம்பகமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவர் இரண்டரை லட்சத்துக்குள் ஆல்டோ கே10, வேகன் ஆர், ஐ10 மூன்றில் ஒன்றைத் தேடுகிறார். வீட்டில் வயதான அப்பா அம்மா, சின்னக் குழந்தை. முதல் கார். எது அதிகம் செலவு வைக்காது என்று கேட்டிருக்கிறார்.

நான் திருநெல்வேலியில் கார் ஸ்பேர்ஸ் கடையில் நிற்பவன். எந்த வண்டிக்கு எந்தச் சாமான் அடிக்கடி போகிறது, எது எப்போதாவதுதான் போகிறது என்பது கவுண்டரில் நின்றாலே புரிந்துவிடும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த மூன்றுமே நல்ல வண்டிகள், உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் இவ்வளவு வருடம் ஓடிய பிறகு மாடலுக்கு மாடல் இருக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். ஒரே மாடலில் ஒருவர் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டிக்கும், இன்னொருவர் பெட்ரோல் மட்டும் ஊற்றி ஓட்டிய வண்டிக்கும் உள்ள வித்தியாசம்தான் பெரிது. எனவே நீங்கள் பார்க்க வேண்டியது, முந்தைய ஓனர் எதை மிச்சம் பிடித்திருக்கிறார் என்பதை.

நம் ஊரில் அதிகம் மிச்சம் பிடிக்கப்படுவது கூலன்ட், அதாவது இன்ஜின் சூடாகாமல் இருக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம். சில நூறு ரூபாய் விஷயம். அதற்குப் பதிலாக போர்வெல் தண்ணீரை ஊற்றி வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் படிந்து அடைக்கும், வாட்டர் பம்பை அரிக்கும். ஒரு நாள் மே மாத வெயிலில் ஏசி போட்டு டிராஃபிக்கில் நிற்கும்போது வண்டி சூடாகும். இன்ஜினின் மேல்பாகமான ஹெட் அலுமினியம். அதிகச் சூட்டில் வளைந்துவிடும், அதன் அடியில் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும். சரியாகச் சரி செய்யாமல் மேலோட்டமாக வேலை பார்த்து விற்றுவிட்டால் அந்தச் செலவு அடுத்தவர் தலையில். சின்ன கார்களில் நான் பார்த்த பெரிய செலவுகளில் பாதிக்கு மேல் இங்கே இருந்து வருபவைதான். ஆகவே இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் தெரியும் ஏதோ ஒன்றை மறைக்கப் பார்க்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். இன்ஜின் நன்றாக ஆறியிருந்தால் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். உள்ளே பச்சையோ சிவப்போ நீலமோ தெளிவான நிறம் இருந்தால் நல்லது. துரு நிறத்தில் கலங்கலாகவோ, மேலே எண்ணெய் மிதந்தோ இருந்தால் வேண்டாம். அடுத்து இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் விட்ட காப்பி நிறத்தில் குழம்பாகப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு விஷயம், கடையில் நிற்பதால் தெரிந்தது. புது ரேடியேட்டர், புது ஃபேன் மோட்டார், புது கூலன்ட் எல்லாம் ஒன்றாக மாட்டியிருக்கும் பழைய காரைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். எப்போது, ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பில் இரண்டு வருடத்துக்கு முந்தையது என்றால் அக்கறையான ஓனர். போன வாரத்துப் பில் என்றால் வண்டி சூடாகியிருக்கலாம். அதேபோல், சாவி போட்டதும் ஃபேன் நிற்காமல் ஓடும்படி நேரடியாக வயர் இழுத்திருக்கிறார்களா, சூட்டுக்குத் தகுந்தபடி கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியில் நெடுஞ்சாலையில் போகும்போது டெம்பரேச்சர் முள் ஏறாமல் கீழேயே கிடக்கும். டேஷ்போர்டில் முள் இல்லாமல் விளக்கு மட்டும் இருந்தால், மெக்கானிக்கிடம் இருக்கும் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தைப் பார்த்துவிடலாம். ஃபேனை நேரடியாக இழுப்பது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது இரண்டுமே சூட்டுப் பிரச்சினைக்குக் குறுக்கு வழி வைத்தியங்கள்.

சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அந்த விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கலாம். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது.

எந்த இன்ஜின் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கே10க்கும் 2010க்குப் பிறகு வந்த வேகன் ஆருக்கும் ஒரே 998 சிசி இன்ஜின். அதில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது டைமிங் செயின். ஐ10இல் 1.2 லிட்டர் கப்பா இன்ஜின் என்றால் செயின், 1.1 லிட்டர் என்றால் அந்த வேலைக்கு ரப்பர் பெல்ட். பெல்ட்டை மாற்றியதற்குப் பில் இல்லை என்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜினைப் பிரிக்க வேண்டி வரும்.

எங்கள் பக்கத்தில் வாங்குகிறீர்கள் என்றால் வெள்ளத்தைக் கேட்காமல் வாங்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும் அதே நிலைமை. அப்படி மூழ்கிய வண்டி கழுவித் துடைத்து வேறு ஊருக்குப் போய் விற்பனைக்கு நிற்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அடிப்பகுதியில் தங்கியிருக்கும். தரை மேட்டைத் தூக்கி, சீட் நகரும் கம்பியில் துரு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். உள்ளே சென்ட் வாசனை தூக்கலாக இருந்தால் ஜன்னல்களை மூடிப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், மக்கின வாடை வெளியே வரும். தண்ணீரில் நின்ற வண்டியின் வயரிங் எப்போது மக்கர் செய்யும் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.

கடற்கரை ஊர் வண்டிக்குத் துரு தனிப் பிரச்சினை. கதவு கீழ்விளிம்பு, வீல் ஆர்ச், ஷாக் அப்சார்பர் ஏறும் இடம் இந்த மூன்றையும் தட்டிப் பாருங்கள். டிங்கரிங் செய்து பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்த இடத்தில் சத்தம் மந்தமாக இருக்கும், சின்னக் காந்தம் ஒட்டாது. பம்பர் கீறல், கதவு நசுங்கல் பரவாயில்லை. பானட்டுக்குக் கீழே முன்பக்க ஃப்ரேமில் புது வெல்டிங் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது தெருவைச் சுற்றி வருவதாக இருக்கக் கூடாது. முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள், பாதி நேரம் ஏசியோடு நெரிசலில். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது கடகட என்று கேட்டால் ஆக்சில். நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் இரைச்சல் கூடி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. வேகத்தடையில் டொக் டொக் என்றால் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட் போன்றவை. பயப்பட ஒன்றும் இல்லை, விலை பேசலாம்.

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம், குறைப்பது சுலபம். நாற்பதாயிரம்தான் ஓடியது என்பார்கள். பிரேக் பெடல் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து, ஸ்டியரிங் பளபளவென்று இருக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து ஓனரையே சர்வீஸ் விவரம் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம், இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் வாங்காததற்குத் தரும் தள்ளுபடி, எவ்வளவு என்று பாருங்கள். சிங்கிள் ஓனர் வண்டியில் 50 சதவீதம் இருந்தால் ஐந்து வருடமாவது கிளெய்ம் இல்லை என்று பொருள். பூஜ்யம் என்றால் என்ன ஆனது என்று கேளுங்கள்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. அரசின் எம்பரிவாகன் ஆப்பில் எத்தனாவது ஓனர், கடன் பதிவு இருக்கிறதா, அபராதம் பாக்கி இருக்கிறதா எல்லாம் தெரியும். கடன் அடைத்திருந்தாலும் ஆர்சியில் ஹெச்பி என்று இருக்கும் கடன் பதிவை நீக்க படிவம் 35உம் வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்ஓசி) வேண்டும். பெயர் மாற்ற படிவம் 29, 30. டெல்லி வண்டி மலிவாக வரும். அங்கே 10 வருட டீசலுக்கும் 15 வருட பெட்ரோலுக்கும் இருக்கும் கட்டுப்பாடுதான் காரணம். டெல்லியோ புதுச்சேரியோ, வெளிமாநிலப் பதிவு என்றால் இங்கே வரி கட்ட வேண்டியதைக் கணக்கில் சேருங்கள். ஆர்சி 15 வருடம்தான் செல்லும். 2012 வண்டி 2027இல் எஃப்சிக்குப் போக வேண்டும். பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பசுமை வரி தனி.

குழந்தையோடு போகிறீர்கள், அதனால் இதையும் சொல்ல வேண்டும். டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். 2014இல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்தபோது ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800, ஐ10 இரண்டும் பூஜ்ய ஸ்டார் வாங்கின. நீங்கள் தேடும் வருடத்தில் மேல் வேரியன்ட்கள் சிலவற்றில் ஏர்பேக் உண்டு. பத்து, இருபதாயிரம் கூட ஆனாலும், கொஞ்ச நாள் காத்திருந்தாவது அதைத் தேடுங்கள். பின்சீட் பெல்ட் சரியாகப் பூட்டுகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டரை லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். முப்பதாயிரமாவது தனியே வைத்திருங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஆறு, ஏழு வருடம் ஆன டயரைப் பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபில்டர்கள் எல்லாம் முதல் வாரத்திலேயே புதிது. பெட்ரோல் ஹோஸ் ரப்பர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். 2012, 2013 வண்டிகள் இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

மூன்றில் எது என்று கேட்டீர்கள். சமமான நிலையில் மூன்றும் கிடைத்தால், அப்பா அம்மா குனியாமல் ஏறி இறங்க வசதி என்பதால் வேகன் ஆரை எடுப்பேன். சர்வீஸ் பில்களோடு ஒரே ஓனரின் ஐ10 1.2 கண்ணில் பட்டால் யோசிக்காமல் அதை.