சிறைப் பாட்டும் பன்னிரண்டு கம்பியும்

கேள்வி: 'லெட்பெல்லி' (1976) படம் பார்த்தோம். பாட்டுக்கு மனமிரங்கி கவர்னரே கைதியை விடுவித்தது நிஜமா? சினிமாவுக்காகச் சேர்த்ததா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நிஜம்தான், ஆனால் முழுக்கப் பாட்டால் அல்ல. 'லெட்பெல்லி' என்ற பட்டப்பெயர் கொண்ட ஹடி லெட்பெட்டர், ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைப் பன்னிரண்டு கம்பி கிட்டாரோடு பாடியவர். 1918-ல் கொலை வழக்கில் டெக்சஸ் சிறைக்குப் போனார். தண்டனை 7 முதல் 35 ஆண்டு. மன்னிப்பே தருவதில்லை என்று சொல்லிப் பதவிக்கு வந்தவர் கவர்னர் பேட் நெஃப். அவர் முன்னால் லெட்பெல்லி தன் மனுவையே பாட்டாகப் பாடினார். பதவி முடியும் தறுவாயில், 1925-ல் நெஃப் மன்னிப்பில் கையெழுத்திட்டார். அதற்குள் குறைந்தபட்ச 7 ஆண்டு ஏறக்குறையக் கழிந்திருந்தது.

இரண்டாம் முறையும் பாட்டுதான் காப்பாற்றியது என்பார்கள். அதை நம்பாதீர்கள். 1930-ல் லூசியானாவின் அங்கோலா சிறைக்குப் போனவரை, 1933-ல் நாட்டுப்பாடல் சேகரித்துவந்த லோமாக்ஸ் தந்தையும் மகனும் அங்கேயே ஒலிப்பதிவு செய்தார்கள். மறு ஆண்டு மனுப் பாட்டு ஒன்று இசைத்தட்டாகக் கவர்னர் ஆலன் அலுவலகத்துக்குப் போனது உண்மை. ஆனால் 1934 விடுதலைக்கு நன்னடத்தைக் கழிவுதான் காரணம் என்றது சிறை நிர்வாகம். பத்திரிகைகளுக்கோ பாட்டுக் கதைதான் இனித்தது.

இன்னொன்று: திரையில் ரோஜர் மோஸ்லி வாயசைக்க, பாடியவர் ஹைடைட் ஹாரிஸ். அசல் குரலுக்கு அந்த 1930-களின் பதிவுகளைத்தான் தேட வேண்டும். லெட்பெல்லி நரம்பு நோயால் இறந்தது 1949 டிசம்பரில். அவருடைய 'குட்நைட் ஐரீன்' வேறொரு குழு பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது 1950-ல்.

கேள்வி: பழைய பன்னிரண்டு கம்பி கிட்டார் வாங்கினேன். ஒரே மெல்லிய கம்பி திரும்பத் திரும்ப அறுகிறது, பிரிட்ஜும் தூக்குகிறது.
– வாசகர், கடலூர் ஓ.டி.

பதில்: பன்னிரண்டும் ஆறு ஜோடிகள். அறுவது மூன்றாவது ஜோடியின் மெல்லிய 'ஜி'யாகத்தான் இருக்கும். 0.008 அல்லது 0.009 அங்குலக் கம்பி. பன்னிரண்டில் மிக உயர்ந்த சுருதி அதற்குத்தான். முழுச் சுருதியில் மொத்த இழுவை 100 கிலோவைத் தாண்டும், பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் தூக்குவது அதனால். எல்லாக் கம்பியையும் இரண்டு அரைச்சுரம் இறக்குங்கள், 'இ' கம்பி 'டி'யில் நிற்கும். பழைய சுருதி வேண்டுமானால் இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போதும். லெட்பெல்லி இன்னும் கீழே, 'பி', 'சி' பக்கம் வைத்திருந்தார். ஆனால் அதற்குத் தடித்த கம்பியும் நீண்ட கழுத்தும் வேண்டும், 0.010 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய செட்டை அவ்வளவு தளர்த்தினால் கடகடக்கும்.

பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் எல்லாக் கம்பியையும் தளர்த்திவிட்டு ரிப்பேருக்குக் கொடுங்கள். உடனடிப் பசையை மட்டும் ஊற்றாதீர்கள், பிறகு சுத்தமாகப் பிரிக்க வராது. உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு, வாசித்ததும் ஒவ்வொரு கம்பியையும் உலர்ந்த துணியால் துடைப்பது கட்டாயம்.

கேள்வி: ப்ளூஸ் நம் ராகம் எதற்காவது கிட்ட வருமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அதன் ஐந்து சுரங்கள் சுத்த தன்யாசியேதான்: ச க ம ப நி. பிரதி மத்திமத்தை ஓடவிட்டு, சாதாரண காந்தாரத்தை அந்தர காந்தாரம் நோக்கிக் கொஞ்சம் இழுத்து, எட்டாமலே விடுங்கள். வந்துவிடும்.