மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின்: இதற்குள் 2520 வருஷக் கணக்கு இருப்பது உண்மையா?

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அந்தக் கட்டம் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் உங்கள் சபைக்கு வந்த யாராவது போர்டில் எழுதிக் காட்டியிருப்பார்கள். பாபிலோன் ராஜா பெல்ஷாத்சாரின் விருந்தில் ஒரு கை வந்து சுவரில் எழுதியதே (தானியேல் 5), அந்தச் சொற்களைக் கூட்டினால் 2520 வரும், அது கடைசிக் காலத்தின் கணக்கு என்பார்கள்.

நான் இறையியல் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. நகைக்கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவன். 'போதகருக்கே பாடமா' என்று யாரும் கிளம்ப வேண்டாம். பேச்சு எடைக்கல் பக்கம் வந்துவிட்டதால் வாயைத் திறக்கிறேன், அவ்வளவுதான்.

தானியேல் புத்தகத்தில் 2:4-ன் நடுவிலிருந்து 7-ஆம் அதிகாரம் முடிய அரமேய மொழி. நம் பழைய வேதாகமத்தில் 'சீரியபாஷை' என்று இருக்கும். அந்த எழுத்தில் மெய்களை மட்டுமே எழுதுவார்கள், உயிரொலியை வாசிக்கிறவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அதனால் சுவரில் இருந்ததை வெறும் எடைப் பெயர்களாகவும் வாசிக்கலாம்: மினா, மினா, சேக்கல், அரை மினாக்கள். 'உப்பார்சின்' என்பதில் முன்னால் நிற்கிற 'உ' நம்முடைய 'உம்' மாதிரி. 1886-ல் கிளெர்மோன்-கன்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் இதை எடுத்துச் சொன்னார். கடைசிச் சொல்லை அரை சேக்கல் என்பாரும் உண்டு.

பாபிலோனிய சேக்கல் சுமார் 8.4 கிராம். நம்ம பவுன் 8 கிராம். இதை முதலில் படித்த அன்று எனக்குக் கடையில் வேலையே ஓடவில்லை. 60 சேக்கல் ஒரு மினா, அதாவது கிட்டத்தட்ட அரைக் கிலோ. அங்கே நாணயம் புழக்கத்துக்கு வராத காலம். வெள்ளியை நிறுத்துத்தான் கொடுப்பார்கள், ஆகவே எடையின் பெயரே பணத்தின் பெயர். ராஜா பார்த்தது ஏதோ பற்றுச்சீட்டு மாதிரி இருந்திருக்கும்: 'ஒரு பவுன், ஒரு பவுன், ஒரு குன்றிமணி, அப்புறம் அரைப் பவுன்கள்' என்று நம் வீட்டுச் சுவரில் எழுதியிருந்தால் நாம் என்னவென்று நினைப்போம்?

அர்த்தம் சொல்ல அழைக்கப்பட்ட தானியேல் அதே மெய்களை வினைச்சொல்லாக வாசித்தார். எண்ணப்பட்டது, நிறுக்கப்பட்டாய், பிரிக்கப்பட்டது. கடைசிச் சொல்லை அவர் ஒருமையில் பெரேஸ் என்கிறார், அதில் பெர்சியர் பெயரும் சேர்ந்து ஒலிக்கிறது. அர்த்தம் 26 முதல் 28 வரையிலான வசனங்களிலேயே முடிந்துவிட்டது. யாருக்கு எப்போது என்பதும் அங்கேயே இருக்கிறது. 'அன்று இராத்திரியிலே' ராஜா கொலைசெய்யப்பட்டான். பாபிலோன் விழுந்தது கி.மு. 539 அக்டோபரில். இதற்கு மேல், 2520-ஐ வருஷங்களாக எண்ணி அதில் 1914-ஐயும் 1917-ஐயும் தேட என்ன இருக்கிறது?

சரி, என் கதைக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் சபையில் மூன்று நாள் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார், பெயர் வேண்டாம். வெள்ளைப் போர்டில் எழுதினார்: ஒரு சேக்கலுக்கு 20 கேரா (அதைவிடச் சின்ன எடை). அது யாத்திராகமம் 30:13-லேயே இருக்கிறது, மறுப்பில்லை. மினாவுக்கு 50 சேக்கல், ஆகவே 1000 கேரா. 1000, 1000, 20, அரை மினாவுக்கு 500. கூட்டினால் 2520. தானியேல் 4-ல் வருகிற 'ஏழு காலங்கள்', காலத்துக்கு 360 நாள் என்று ஏழால் பெருக்கினாலும் 2520. கூட்டம் அல்லேலூயா போட்டது.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். "ஐயா, பாபிலோன் அரண்மனைச் சுவருக்குப் பாபிலோன் எடைதானே போட வேண்டும்? அங்கே மினாவுக்கு 60 அல்லவா?" வேதத்தில் காட்டு என்பார் என்று தெரியும், எசேக்கியேல் 45:12-ஐ விரித்தே வைத்திருந்தேன். இருபது சேக்கலும் இருபத்தைந்தும் பதினைந்தும் சேர்ந்தது ஒரு மினா. கூட்டிப் பாருங்கள், 60. எழுதியவரும் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்தான். அந்தக் கணக்கில் 1200, 1200, 20, 600. மொத்தம் 3020.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, தேவ ரகசியத்தைக் கடைத் தராசுல வைக்காதீங்க." எல்லாரும் சிரித்தார்கள். 'நீ தராசிலே நிறுக்கப்பட்டு, குறையக்காணப்பட்டாய்' என்ற வசனத்தை அப்போதுதான் வாசித்து முடித்திருந்தார்!

வீட்டுக்கு வந்து இன்னொன்று பார்த்தேன். உப்பார்சின் பன்மை. ஒரே அரை மினாவாக எடுத்ததே இழுபறி. அவருடைய 50 கணக்கையே வைத்துக்கொண்டு இரண்டு அரை மினா போட்டால் 1000, 1000, 20, 1000. அதுவும் 3020! இரண்டு சாட்சி வேண்டுமென்றால் 3020-க்குத்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் திருத்தினால் 3620. லத்தீன் வேதாகமத்தில் மெனே ஒரே தடவைதான், அப்படியானால் 1520. எந்த எண் வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

உடனே 'நீ தீர்க்கதரிசனத்தை நம்பாதவன்' என்று கமெண்ட் வரும். நம்புகிறேன் ஐயா. பெல்ஷாத்சார் என்றே ஒருவன் கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, 1854-ல் ஊர் என்ற இடத்தில் கிடைத்த களிமண் உருளைகள் பதில் சொல்லின. நபோனிதஸ் ராஜா தன் மூத்த மகன் என்று அவன் பெயரைச் சொல்லியிருக்கிறான். அப்பன் முதலாவது, மகன் இரண்டாவது. தானியேலுக்கு 'மூன்றாம் அதிபதி' பதவி கொடுத்ததும் பொருந்துகிறது. பெல்ஷாத்சாருக்குப் பின் ராஜ்யத்தைப் பெற்றதாகச் சொல்லப்படுகிற மேதியனாகிய தரியு யார், தானியேல் புத்தகம் எப்போது எழுதப்பட்டது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. படித்தவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஞாயிறு வேதபாடம் வாசிக்கிறவர்கள் பட்டியலில் என் பெயர் வரவில்லை. காரணம் கேட்டால் 'இளைஞர்களுக்கு வாய்ப்பு' என்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம், சரி. காணிக்கை வசூலித்து புரொஜெக்டர் வாங்கியதிலிருந்து யாரும் வேதாகமத்தைக் கையில் கொண்டுவருவதில்லை. வசனம் திரையில் விழும், போய்விடும், முன் வசனம் என்ன என்று யாருக்கும் தெரியாது. போன வாரம் பாட்டில் 'வல்லவர்' என்று வர வேண்டிய இடத்தில் 'வள்ளவர்'. முழுச் சபையும் பார்த்துப் பாடியது. சொன்னால் மறுபடியும் நான்தான் குறை சொல்கிறவன்.

நீங்கள் அந்தப் படத்தை அனுப்பியவரிடம் மினாவுக்கு எத்தனை சேக்கல் என்று மட்டும் கேளுங்கள். 50 என்றால் எசேக்கியேலைக் காட்டுங்கள். 3020-ஐ வைத்து அவர் ஏதாவது வருஷம் கண்டுபிடித்தால் இங்கே வந்து எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.