மூச்சைக் கவனித்தால் படபடப்பு கூடுகிறதே?

கேள்வி: எனக்கு வயது 36. நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. அலுவலகத்தில் ஒரு மணி நேரம் மைண்ட்ஃபுல்னெஸ் (அந்தந்தக் கணத்தில் நடப்பதைக் கவனிக்கும் தியானப் பயிற்சி) வகுப்பு நடத்தினார்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால், மனம் உடனே முடிக்காத வேலைகளுக்கு ஓடிவிடுகிறது. சில நேரம் படபடப்பு கூடி நெஞ்சு இறுகுகிறது. இந்தப் பயிற்சி எனக்கு ஒத்துவராதா?

பதில்: முதலில் நெஞ்சு இறுக்கத்தைப் பார்ப்போம். அதை மன அழுத்தம் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். மருத்துவரை நேரில் பார்த்து, ரத்த அழுத்தம், ஈசிஜி, தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாடி ஏறும்போது இறுக்கம் வருகிறது என்றால் தள்ளிப்போடவே கூடாது. கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலும், வியர்த்துக் கொட்டினாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று நீங்கள் எழுதவில்லை. படபடப்புக்கு அதுவும் காரணமாகலாம்.

இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்தால், மூச்சின் மேல்தான் என் சந்தேகம் போகும். மூச்சைக் கவனிக்கத் தொடங்கியதும் பலர் அதைச் 'சரிசெய்ய' முனைகிறார்கள். தேவைக்கு மேல் இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. தலை லேசாகச் சுற்றும், விரல்கள் மரக்கும், நெஞ்சு இறுகும். அதைக் கண்டு பயந்து இன்னும் வேகமாக மூச்சு வாங்குவீர்கள். ஆகவே இப்போதைக்கு மூச்சைக் கவனிப்பதை விட்டுவிடுங்கள். கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, பாதம் தரையில் அழுந்துவதையோ சுற்றிலும் கேட்கும் ஒலிகளையோ கவனியுங்கள். எந்த விதத்திலும் இது குறைந்த பயிற்சி அல்ல.

மனம் ஓடத்தான் செய்யும். ஓடிவிட்டது என்று உங்களுக்கு உறைக்கிறதே, அந்தக் கணம்தான் பயிற்சி. இருபது முறை ஓடி, இருபது முறையும் திட்டாமல் திரும்ப அழைத்து வந்தால், நீங்கள் நன்றாகவே செய்கிறீர்கள்.

அலுவலகத்தில் இதற்குத் தனி அறை தேவையில்லை. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் ஒரு நிமிடம் போதும். ஒரு வேலையைப் பாதியில் விட்டுத் தாவினால் கவனத்தின் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று 2009-இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் காட்டினார். எங்கே நிறுத்தினீர்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி குறித்து வைத்துவிட்டு எழுந்தால் அந்தப் பிடி தளரும். எரிச்சலூட்டும் மின்னஞ்சல் வந்தால், பதில் எழுதுமுன் தாடையையும் தோள்களையும் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் இறுகியிருக்கும்.

ஒரு மணி நேர வகுப்பால் பெரிய மாற்றம் வராததில் வியப்பில்லை. ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-இல் அமெரிக்காவில் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் மூலப் பயிற்சி எட்டு வாரம் நீளும். வீட்டிலும் தினமும் முக்கால் மணி நேரம் செய்ய வேண்டும். 47 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஆய்வறிக்கை, இத்தகைய தியானப் பயிற்சிகளால் பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு குறைவதாகச் சொன்னது. ஆனால் உடற்பயிற்சியையோ மருந்தையோ விட மேலானது என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. நடைப்பயிற்சி உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அதையே தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அமைதியாக இருக்கக் கற்றுக்கொள் என்று சொல்வது வைத்தியம் ஆகாது. உங்கள் நிலைமை அதுவானால், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் பேசுங்கள். தூக்கம் கெட்டு, படபடப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.