நீல டிக் வருகிறது, பதில் வரவில்லை

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரே மகள் டொராண்டோவில் கணவர், இரண்டு வயதுக் குழந்தையோடு இருக்கிறாள். தினமும் காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் வணக்கப் படம் அனுப்புவேன். டிக் நீலமாகிவிடும், பதில் வராது. வந்தாலும் ஒரு கட்டைவிரல்தான். ராத்திரி தூங்காமல், அவள் கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தாள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கேட்டால், “ஏம்மா வேவு பார்க்கிறே?” என்று கோபப்படுகிறாள். எனக்கு மட்டும்தான் அவளிடம் நேரம் இல்லையா? - வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அந்த ராத்திரி விழிப்புதான். முதலில் அதற்கு வழி செய்வோம்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘பிரைவசி’ என்று ஒரு பகுதி உண்டு. அங்கே உங்கள் ‘லாஸ்ட் சீன்’ யாருக்கும் தெரியாதபடி மாற்றிவிட்டால், மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது. ‘ரீட் ரிசீப்ட்ஸ்’ என்பதை அணைத்துவிட்டால் நீல டிக்கும் வராது. குடும்ப குரூப்பில் மட்டும் அதை நிறுத்த முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தால் இரண்டே நிமிட வேலை. இன்றைக்கே செய்துவிடுங்கள்.

நீல டிக்குக்கு, அவள் போனில் அந்தச் செய்தி திறக்கப்பட்டது என்பதற்கு மேல் எந்த அர்த்தமும் இல்லை. உங்களுக்குக் காலை ஆறு என்றால் டொராண்டோவில் முந்தைய நாள் இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஏழரை. வேலை முடித்து வந்து, குழந்தைக்குச் சோறூட்டித் தூங்கவைக்கும் நேரம். ஒரு கையால் திறந்து பார்த்து, ‘அப்புறம் பதில் போடலாம்’ என்று வைத்திருப்பாள். நீங்கள் ஓய்வாக உட்காரும் இரவு எட்டு மணி அவளுக்கு ஆபீஸ் நேரம்.

ஐஎஸ்டி பூத் காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் வரும். மீட்டர் ஓடும், நாலு வார்த்தைதான் பேச முடியும். ஆனால் செவ்வாய்க்கிழமை போன் வரவில்லையே என்று யாரும் கலங்கியதில்லை. இப்போது எந்த நேரமும் கூப்பிடலாம் என்பதாலேயே, பதில் வராத ஒவ்வொரு மணி நேரமும் நம்மை ஒதுக்கிவிட்டதுபோல வலிக்கிறது. அதற்காகப் போனையே வெறுத்துவிடாதீர்கள். பேரக்குழந்தையின் மழலையை அன்றன்றைக்கே கேட்க முடிவது இதனால்தான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. சிறுமிகளைப் படபடப்பான ஒரு தேர்வில் உட்காரவைத்து, பிறகு அம்மாவோடு தொடர்புகொள்ளச் சொன்னார்கள். நேரிலோ போனிலோ அம்மாவின் குரலைக் கேட்ட பிள்ளைகளுக்கு மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. டைப் செய்து பேசிக்கொண்டவர்களுக்குக் குறையவில்லை. வளர்ந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்றே நான் நம்புகிறேன். உங்களிடம் அந்தக் குரல் இருக்கிறது; நீங்கள் அனுப்புவதோ யாரோ செய்த ரோஜாப்பூ படம்.

அதனால் படத்தை நிறுத்திவிட்டு, இரண்டு நாளைக்கொரு தடவை ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்புங்கள். மாடித் தோட்டத்தில் அவரைக்காய் காய்த்தது, பழைய மாணவி ஒருத்தி வந்து பார்த்தாள் என்று ஏதாவது சொல்லுங்கள். “பதில் போட வேண்டாம், சும்மா சொல்லணும்னு தோணிச்சு” என்று முடியுங்கள். பஸ்ஸில் போகும்போது கேட்டுக்கொள்வாள்.

வீடியோ கால் பேரனுக்கோ பேத்திக்கோ என்று இருக்கட்டும். இரண்டு வயதுக் குழந்தை போனைப் பிடுங்கும், அதற்கு நடுவில் தாயும் மகளும் மனம்விட்டுப் பேச முடியாது. மகளோடு பேச வெறும் குரல் அழைப்பாகத் தனியே ஒன்று வேண்டும். நம் ஊர்ச் சனிக்கிழமை இரவு ஏழு மணி அங்கே காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. மாப்பிள்ளை குழந்தையைப் பார்த்துக்கொள்ள, அவள் அரை மணி நேரம் நடந்துகொண்டே பேசலாம். இதை டைப் செய்து கேட்காதீர்கள். கூப்பிட்டுச் சொல்லுங்கள்: “இனிமே நீ எப்போ ஆன்லைன்ல இருந்தேன்னு பார்க்க மாட்டேன். வாரத்துல அரை மணி நேரம் எனக்குன்னு கொடு.”

இப்படிக் கேட்டும் மாதக்கணக்கில் தட்டிக்கழித்தாளானால், அவள் மனதில் வேறு ஏதோ இருக்கிறது என்று பொருள். அப்போது மாப்பிள்ளையிடம் துருவ வேண்டாம். அவளிடமே கேளுங்கள், குறுக்கே பேசாமல் முழுக்கக் கேளுங்கள்.