கண்ணை மூடி நினைத்தால் மூட்டுவலி குறையுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 58, பினாங்கு பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பிசியோதெரபியில், கண்ணை மூடி எனக்குப் பிடித்த இடத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அப்படியென்றால் என் வலி வெறும் மனப்பிரமையா?

பதில்: இல்லவே இல்லை அம்மா. உங்கள் வலி நிஜம், தேய்மானமும் நிஜம். ஆனால் முழங்காலில் கிளம்பும் வலிச் சேதி அப்படியே மூளைக்குப் போய்விடுவதில்லை, வழியில் முதுகுத்தண்டிலேயே அதைக் கூட்டவும் குறைக்கவும் மூளையால் முடியும். 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு கதவாக வைத்து விளக்கினார்கள். விவரங்கள் பிறகு மாறினாலும் அடிப்படை இன்றும் நிற்கிறது. பயம், தூக்கமின்மை, ‘நாளைக்கு எப்படி மாடி ஏறுவேன்’ என்ற கவலை எல்லாம் வலியைக் கூட்டும். உடம்பு தளர்ந்து மனம் வேறொன்றில் ஊன்றினால் கொஞ்சம் தணியும். நினைப்புக்கு உடம்பு அசையுமா என்று சந்தேகமா? ஊறப்போட்ட புளிப்பு ஜாதிக்காயை நினைத்துப் பாருங்கள், வாயில் எச்சில் ஊறும்.

இந்தப் பயிற்சிக்கென்று விற்கும் ரெக்கார்டிங்கில் வரும் பனிமலை உங்களுக்கு எதற்கு? சின்ன வயதில் ஜார்ஜ் டவுனுக்குப் போன பழைய பெர்ரிப் படகை எடுத்துக்கொள்ளுங்களேன். மூச்சை மெதுவாக விட்டபடி, முகத்தில் அடிக்கும் உப்புக்காற்று, இன்ஜின் அதிர்வு, டீசல் வாடை, கையில் பட்ட கம்பியின் சூடு என்று ஒவ்வொன்றாக வரவழையுங்கள், பார்ப்பது மட்டும் போதாது. தண்ணீர்மலைக் கோயில் படிகள் மட்டும் வேண்டாம், முழங்கால்தான் ஞாபகத்துக்கு வரும்! பத்து நிமிடம் போதும், ஆனால் வலி குறைவாக இருக்கும்போதே தினமும் பழகுங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது முதல்தடவையாக முயன்றால் எரிச்சல்தான் மிஞ்சும். மனம் ஓடினால் ஓடட்டும், திரும்பக் கூட்டி வாருங்கள்.

சரி, எவ்வளவு எதிர்பார்க்கலாம்? இதைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு ஒன்றுமே இல்லை. தேய்ந்த குருத்தெலும்பை இது வளர்க்காது. அதனால் தொடைத் தசைக்கான பயிற்சியையும் மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள், கூடுதல் எடை இருந்தால் அதையும் குறைக்கப் பாருங்கள். கண்ணை மூடினால் பழைய கசப்பான நினைவுகள் பொங்கி வருகின்றன என்றால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள், வேறு வழி பார்க்கலாம். முழங்கால் திடீரென்று வீங்கிச் சிவந்து சுடுகிறது, காய்ச்சலும் இருக்கிறது, அல்லது காலை ஊன்றவே முடியவில்லை என்றால் பெர்ரியெல்லாம் அப்புறம், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.